மலாவி துவரையும் டெல்லி உத்தரவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல வெளிநாட்டுச் செய்தி பக்கத்துல ஓரமா ஒரு சின்னச் செய்தி வந்திருந்துச்சு. மலாவின்னு ஒரு ஆப்பிரிக்க நாட்டுல டாலர் இல்லையாம், பெட்ரோல் பங்க்ல வண்டிங்க ராத்திரி பகலா வரிசைல நிக்குதாம், ஊழல்தான் காரணமாம், நாலே வரில கதை முடிஞ்சு போச்சு. அதே பேப்பர்ல வணிகப் பக்கத்துல துவரம்பருப்பு விலை நிலவரம் மட்டும் அரைப் பக்கம். இந்த ரெண்டு செய்திக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, அதைச் சொல்லத்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், இடம் பத்தலன்னா வெட்டிக்கோங்க, ஆனா துவரை பத்தி எழுதியிருக்குற பகுதியை மட்டும் கை வச்சிடாதீங்க.

நான் விருதுநகர்காரன். இப்போ ஊர்லயே ஒரு பருப்பு மில்லுல கணக்கு பார்க்குறேன். அதுக்கு முன்னாடி சில வருஷம் மலாவில, பிளாண்டயரை ஒட்டி இருக்குற லிம்பேங்குற ஊர்ல, ஒரு தானிய ஏத்துமதி கம்பெனில இதே கணக்கு வேலைதான். அதனால ஏதோ புத்தகத்துல படிச்சிட்டு எழுதல, பில்லு போட்ட கையால எழுதுறேன்.

முதல்ல ஊர் எப்படின்னு சொல்லிடுறேன். பரப்பளவுல தமிழ்நாட்டைவிட கொஞ்சம் சின்ன நாடு, அதுலயும் அஞ்சுல ஒரு பங்கு ஏரி. ஜனத்தொகை 2 கோடிக்கு மேல. கடற்கரை கிடையாது. எண்ணெய் கிடையாது. நூத்துக்கு எண்பது பேருக்கு மேல கிராமத்துலதான் இருக்காங்க, ஏத்துமதில எண்பது சதவீதத்துக்கு மேல மண்ணுல விளையுறதுதான், புகையிலை, டீ, சர்க்கரை, பருப்பு, நிலக்கடலை. பெரும்பாலான குடும்பத்துக்கு நிலம் ஒரு ஹெக்டேர்கூட கிடையாது. அதை டிராக்டர் வச்சு உழுறதில்ல, மாடுகூட ரொம்பக் கம்மி, மண்வெட்டிதான், பொம்பளைங்க குனிஞ்சு குனிஞ்சு பார் கட்டி மக்காச்சோளம் போடுவாங்க. மழை வருஷத்துக்கு ஒரே சீசன், நவம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரலோட சரி. அந்த மழை ஏமாத்திடுச்சுன்னா அடுத்த வருஷம் வரைக்கும் ஒண்ணும் கிடையாது.

இங்க சில பேர் சொல்றாங்க, அவங்க சோம்பேறி, அதான் முன்னேறலன்னு. உங்க வாசகர் கடிதத்துலயே ஒருத்தர் அப்படி எழுதியிருந்தாரு. ஐயா, ஜனவரி பிப்ரவரில அங்க போய் பாருங்க. வீட்டுல இருந்த சோளம் தீர்ந்து போயிருக்கும், புதுசு அறுப்புக்கு வர இன்னும் ரெண்டு மூணு மாசம் இருக்கும். அப்போ என்ன பண்ணுவாங்கன்னா கன்யூன்னு சொல்ற தினக்கூலிக்குப் போவாங்க, அடுத்தவன் காட்டுல களை எடுத்து ஒரு தட்டு மாவு வாங்கிட்டு வருவாங்க. அடுத்தவன் காட்டுல களை எடுக்குற அதே வாரத்துலதான் தன் காட்டுலயும் களை மண்டும். தன் காட்டை விட்டுட்டுப் போனா அந்த வருஷம் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைஞ்சா அடுத்த ஜனவரில மறுபடியும் கன்யூ. இதுல சோம்பேறித்தனம் எங்க இருக்கு, சொல்லுங்க. அந்த ஊர்ல நான் பார்த்த வரைக்கும் சோம்பேறின்னா அது எங்க ஆபீஸ்ல உட்கார்ந்திருந்த நாங்கதான்.

சரி டாலர் விஷயத்துக்கு வர்றேன். அந்த நாட்டோட ஏத்துமதி ஏறக்குறைய வருஷத்துக்கு 100 கோடி டாலர், இறக்குமதி அதைப்போல மூணு மடங்கு. உரம், டீசல், மருந்து, வண்டி, சோப்பு செய்யுற எண்ணெய் வரைக்கும் வெளியில இருந்து வரணும். வர்ற டாலர்ல பெரும்பங்கு ஒரே ஒரு செடியில இருந்து வருது, புகையிலை. 2024 சீசன்ல புகையிலை வித்தது கிட்டத்தட்ட 40 கோடி டாலர். அது வருஷம் பூரா வராது, ஏலம் நடக்குற மார்ச் ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான் வரும். ஆகஸ்டுக்கு அப்புறம் வரத்து வத்திப் போயிடும், ஆனா மழைக்கு முன்னாடி உரம் வாங்க வேண்டிய மாசம் செப்டம்பர் அக்டோபர்தான். அதாவது டாலர் அதிகமா வேணுங்குற நேரத்துல கையில டாலர் இருக்காது. இதைப் புரிஞ்சுக்கிட்டா நீங்க போட்ட பெட்ரோல் வரிசைச் செய்தில பாதி புரிஞ்ச மாதிரி.

லிம்பேல இருக்குற புகையிலை ஏல மண்டிக்கு ஒரு தரம் கூட்டிட்டுப் போனாங்க. பெரிய ஷெட், சணல் சாக்கு சுத்தின புகையிலைக் கட்டு, பேல்னு சொல்லுவாங்க, எல்லாம் வரிசை வரிசையா, நடுவுல ஒரு ஆள் நடக்குற அளவு சந்து. ஏலக்காரர் பாட்டு மாதிரி ஏதோ சொல்லிக்கிட்டே நடக்குறார், ஒரு பக்கம் கம்பெனிக்காரங்க கண்ணாலயும் விரலாலயும் சைகை காட்டுறாங்க, ஒரு பேலுக்கு சில செகண்டுதான், பேல் மேல சீட்டு விழுது, அடுத்தது. ஒரு வருஷ உழைப்பு அவ்ளோதான். விலை எழுதுறது கிலோவுக்கு இத்தனை அமெரிக்க சென்ட்னு. விவசாயிக்கு விலை பிடிக்கலன்னா சீட்டைக் கிழிச்சுப் போட்டு மறுக்கலாம், சட்டம் இருக்கு, ஆனா மறுத்துட்டு அந்த பேலை லாரி வாடகை குடுத்துத் திரும்ப எங்க கொண்டு போவாரு? வாங்குற கம்பெனி விரல் விட்டு எண்ணிடலாம், எல்லாம் சர்வதேசக் கம்பெனிங்க. இப்போ பாதிக்கு மேல முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு விக்கிற முறைக்கு மாறிடுச்சு, கம்பெனியே விதையும் உரமும் கடனா குடுக்கும், விக்கும்போது பிடிச்சுக்கும்.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு, பேப்பர்ல யாரும் எழுத மாட்டாங்க. விலை டாலர்ல, ஆனா விவசாயி கையில குடுக்குறது அந்த நாட்டுப் பணமான க்வாச்சால, அதுவும் அரசு வச்ச ரேட்ல. 2023 நவம்பர்ல க்வாச்சா மதிப்பைக் குறைச்சாங்க, டாலர் விலையை 44 சதவீதம் ஏத்தி ஒரு டாலர் 1,700 க்வாச்சான்னு வச்சாங்க, அதுக்கப்புறம் அந்த ரேட் பெருசா அசையல. ஆனா வெளிமார்க்கெட்ல டாலர் ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு. உரக்கடைக்காரன் வெளிமார்க்கெட் ரேட்டை வச்சுத்தான் மூட்டைக்கு விலை சொல்லுவான். ஆக புகையிலைக்காரன் விக்கும்போது ஒரு ரேட், உரம் வாங்கும்போது வேற ரேட், நடுவுல போற காசு யாருக்குப் போகுதுன்னா அரசு ரேட்ல டாலர் கிடைக்கிற அதிர்ஷ்டசாலிக்கு. ஊழல்னு நீங்க எழுதுனது பொய் இல்ல, ஆனா அந்த ஊழல் எங்க இருந்து முளைக்குதுன்னு பார்த்தா இந்த ரெண்டு ரேட்டுக்கு நடுவுல இருக்குற இடைவெளிலதான் நிறைய முளைக்குது. இங்க அறுபது எழுபதுகள்ல லைசென்ஸ் கோட்டான்னு பார்த்தவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

இது புதுசா வந்த வியாதியும் இல்ல. 1964-ல சுதந்திரம் வாங்கினதுல இருந்து 1994 வரைக்கும் கமுசு பண்டா ஆண்டாரு, முப்பது வருஷம். அவர் காலத்துல சின்ன விவசாயி பர்லிங்குற புகையிலை ரகத்தைப் போடவே கூடாதுன்னு சட்டம், எஸ்டேட் வச்சிருக்கிறவன் மட்டும்தான் போடலாம், எஸ்டேட் யாருக்குக் கிடைச்சிருக்கும்னு உங்களுக்கே தெரியும். சின்ன விவசாயி விளைவிச்ச சோளம், கடலை, பருத்தி எல்லாத்தையும் 1971-ல ஆரம்பிச்ச அட்மார்க்னு ஒரு அரசு கொள்முதல் நிறுவனம் குறைஞ்ச விலைக்கு வாங்கி, அந்த லாபத்தைக் கொண்டு போய் எஸ்டேட்லயும் பெரிய கம்பெனிலயும் போட்டுச்சு. ஏழை காட்டுல இருந்து உறிஞ்சி பணக்காரன் காட்டுக்குப் பாய்ச்சுனாங்கன்னு சொல்லலாம். தொண்ணூறுகள் தொடக்கத்துலதான் அந்தத் தடை போச்சு, சின்ன விவசாயிங்க எல்லாம் பர்லிக்குள்ள வந்தாங்க, கொஞ்ச வருஷம் நல்லா இருந்துச்சு. வந்து சேர்ந்த நேரம் பாருங்க, உலகம் பூரா சிகரெட்டைக் குறைக்கச் சொல்ற காலம். 2019 நவம்பர்ல குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையைச் சொல்லி அமெரிக்க சுங்கத்துறை மலாவி புகையிலையைத் துறைமுகத்துலயே நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. குழந்தைங்க வேலை செய்றது நிஜம், ஈர இலையைப் பறிச்சா நிக்கோட்டின் தோல் வழியா ஏறி வாந்தி மயக்கம் வரும், அதுவும் நிஜம். ஆனா கிலோவுக்கு ரெண்டு மூணு டாலர்னு வாங்குற இடத்துல கூலியாள் வச்சு வேலை வாங்க முடியுமான்னு எந்தக் கம்பெனியும் சொன்னதில்ல.

விலைக்காக அரசு சண்டையே போடலன்னும் சொல்ல முடியாது. பிங்கு வா முத்தாரிக்கான்னு ஒரு ஜனாதிபதி, 2009 செப்டம்பர்ல குறைந்தபட்ச விலை குடுக்கலன்னு புகையிலை கம்பெனி அதிகாரிங்க நாலு பேரை நாட்டை விட்டே வெளியேத்திட்டாரு. ஜனங்க கைதட்டுனாங்க. அதுக்கு முன்னாடியே, 2005-ல மழை பொய்ச்சு 50 லட்சம் பேர் வரைக்கும் சாப்பாட்டுக்குக் கையேந்துன நிலைமைல, உலக வங்கி வேணாம் வேணாம்னு சொல்லியும் உர மானியம் கொண்டு வந்தாரு, கூப்பன் குடுத்து 50 கிலோ மூட்டை பாதிக்கும் கீழ விலைக்கு, கூடவே ஒட்டுரக விதை. ரெண்டு வருஷம் மழையும் கைகொடுத்துச்சு, 2007-ல ஜிம்பாப்வேக்கு சோளம் ஏத்துமதியே பண்ணாங்க. உலகம் பூரா பாராட்டு. ஆனா அந்த உரம் மொத்தமும் டாலர்ல வாங்குனது, நாட்டுக்குள்ள ஒரு மூட்டை யூரியாகூட தயாராகாது. உர விலை ஏறுன வருஷம் மானியச் செலவு வீங்கும், டாலர் வத்தும், டெண்டர் எடுத்தவன் கொழுப்பான். அதே முத்தாரிக்கா 2011-ல க்வாச்சாவைக் குறைக்க மாட்டேன்னு அடம் பிடிச்சாரு, உதவி குடுக்குற நாடுகளோட சண்டை, பெட்ரோல் இல்ல, ஜூலைல போராட்டம், துப்பாக்கிச் சூட்டுல 20 பேர் கிட்ட செத்தாங்க. 2012 ஏப்ரல்ல அவர் இறந்து ஜாய்ஸ் பண்டா ஜனாதிபதியா வந்த அடுத்த மாசமே ஒரே நாள்ல டாலர் 167-ல இருந்து 250 க்வாச்சா ஆச்சு. அப்புறம் 2022 மே மாசம் டாலர் விலை 25 சதவீதம் ஏறுச்சு, 2023 நவம்பர்ல மேல சொன்ன 44 சதவீதம். சர்வதேச நிதியமான ஐஎம்எஃப் அதோட 17.5 கோடி டாலர் தர்றேன்னு ஒரு திட்டம் போட்டுச்சு, 2025 மே மாசத்துல அதுவும் பாதிலயே முறிஞ்சு போச்சு.

நடுவுல புயல் வேற. 2022 ஜனவரில அனா புயல் ஷிரே ஆத்துல இருக்குற கபிச்சிரா நீர்மின் அணையை உடைச்சு, நாட்டோட மின்சாரத்துல மூணுல ஒரு பங்கு கிட்ட ஒரே நாள்ல போச்சு. 2023 மார்ச்ல ஃப்ரெடி, பிளாண்டயர் மலைச் சரிவுல இருந்த வீடுங்க எல்லாம் மண்ணோட போயிடுச்சு, செத்தவங்க, காணாம போனவங்க சேர்த்தா ஆயிரத்துக்கு மேல. 2024-ல எல் நினோ வறட்சி, 28 மாவட்டத்துல 23-ஐ பேரிடர் மாவட்டம்னு அறிவிச்சாங்க. பக்கத்துலயே ஆப்பிரிக்காவோட மூணாவது பெரிய ஏரி இருக்கு, தண்ணி தளும்புது, வாய்க்கால்தான் இல்ல. ஷிரே பள்ளத்தாக்குல இப்போதான் ஒரு பெரிய பாசனத் திட்டம் தோண்டிக்கிட்டு இருக்காங்க.

இனிமேதான் நம்ம கதை.

மலாவியோட தெற்குப் பகுதி, சிராட்சுலு, தியோலோ, முலாஞ்சே, சோம்பா, பலோம்பே, இங்கெல்லாம் மக்காச்சோளத்துக்கு நடுவுல ஊடுபயிரா துவரை போடுவாங்க. அவங்க பேரு நந்தோலோ. நவம்பர்ல சோளத்தோட சேர்த்து ஊனுவாங்க, ஏப்ரல்ல சோளத்தை ஒடிச்சதுக்கப்புறம் துவரை தனியா நிக்கும், மழை நின்ன பிறகும் மண்ணோட ஈரத்துலயே வளர்ந்து ஜூலை ஆகஸ்ட்ல காய் முத்தும். அந்த மாசங்கள்ல கிராமத்துல நடக்குற பெரிய சண்டை ஆட்டை வச்சுத்தான், சோளம் அறுத்தாச்சுன்னு ஒருத்தன் ஆட்டை அவிழ்த்து விடுவான், அது பக்கத்துக் காட்டுத் துவரையை மொட்டை அடிச்சிடும், ஊர்த் தலைவர்கிட்ட பஞ்சாயத்து. துவரைக்கு உரம் வேணாம், அதுவே மண்ணுல தழைச்சத்தைச் சேர்க்கும், அடுத்த வருஷச் சோளத்துக்கு அது உபயோகம். குச்சி அடுப்புக்கு ஆகும். பச்சைத் துவரையை வேக வச்சு சோளக் களியோட சாப்பிடுவாங்க, நல்லா இருக்கும், நம்ம ஊர்ல கார்த்திகை மார்கழில பச்சைத் துவரை வேக வச்சுத் தின்போம்ல, அதே ருசி.

மிச்சத்தை வித்து காசாக்கணும். வாங்குறது யாரு? முதல்ல சைக்கிள்ல வர்ற வெண்டர், கையில தொங்கு தராசு. அந்தத் தராசு பத்தி அங்க ஒரு குழந்தைகூட சொல்லும், பத்து கிலோ போட்டா எட்டு கிலோன்னு காட்டும்னு. அவன் கொண்டு வந்து லிம்பே குடோன்ல போடுவான். குடோன்ல பொம்பளைங்க வரிசையா உட்கார்ந்து முறத்துல புடைச்சு கல்லும் வண்டு அரிச்சதும் பொறுக்குவாங்க, தூசி பறக்கும், மூக்குல துணி கட்டியிருப்பாங்க, முறம் ஆட்டுற விதம்கூட அப்படியே நம்ம ஊர் மாதிரிதான். அப்புறம் 50 கிலோ மூட்டையா தைச்சு, கண்டெய்னர்ல ஏத்தி, மொசாம்பிக் வழியா நக்காலா இல்ல பெய்ரா துறைமுகம், அங்க இருந்து மும்பை நவா ஷேவா, சென்னை, தூத்துக்குடி. எனக்கு அங்க இருந்த வரைக்கும் அது வெறும் இன்வாய்ஸ் நம்பர், இங்க மில்லுல சாக்கைப் பிரிச்சு மலாவி சிவப்புத் துவரையைக் கையில அள்ளுறப்போதான் ரெண்டு முனையும் ஒண்ணா தெரிஞ்சுச்சு. பர்மாவுல இருந்து வர்ற லெமன்ங்குற துவரை ரகம் மாதிரி விலை கிடையாது, தோல் கொஞ்சம் கெட்டி, ஆனா உடைச்சா பருப்பு பருப்புதான்.

முக்கியமா கவனிக்க வேண்டியது வர்ற நேரம். நம்ம கர்நாடகா கல்புர்கி, மகாராஷ்டிரா லாத்தூர், அகோலா பக்கம் துவரை டிசம்பர் ஜனவரிலதான் அறுவடைக்கு வரும். அதுக்கு முன்னாடி ஆகஸ்ட்ல இருந்து நவம்பர் வரைக்கும், ஆவணி புரட்டாசி, நவராத்திரி, தீபாவளி எல்லாம் வர்ற நேரம், நம்ம கையிருப்பு அடிமட்டத்துல இருக்கும். அந்த இடைவெளில கப்பல்ல வர்றது ஆப்பிரிக்கத் துவரைதான், மலாவி, மொசாம்பிக், தான்சானியா. அந்த நாலு மாசம் ஓட்டல் சாம்பார்ல மிதக்குற பருப்புல கொஞ்சம் சிராட்சுலு காட்டுல இருந்து வந்திருக்கும்.

2015-ல இங்க துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் தொட்டுச்சு, ஞாபகம் இருக்கும், உங்க பேப்பர்லயே கார்ட்டூன் போட்டீங்க. அப்போ மலாவில என்ன நடந்துச்சுன்னா, இந்தியாக்காரன் எவ்ளோ குடுத்தாலும் வாங்குறான்னு சொல்லி ஊரு பூரா துவரை போட்டாங்க. அதே நேரம் இங்க மத்திய அரசு ஆதரவு விலையை ஏத்துச்சு, நம்ம விவசாயியும் போட்டான், மழையும் பேஞ்சுச்சு, 2015-16-ல சுமார் 26 லட்சம் டன்னா இருந்த உற்பத்தி 2016-17-ல 49 லட்சம் டன் கிட்ட போயிடுச்சு. விலை விழுந்துச்சு, குவிண்டாலுக்கு 5,050 ரூபாய்ங்குற ஆதரவு விலைகூட மண்டில கிடைக்கல, நம்ம விவசாயி ரோட்டுக்கு வந்தான். சரி, இறக்குமதியை நிறுத்தணும்னு முடிவு பண்ணாங்க. அதுல எனக்கு மறுப்பு கிடையாது, நம்ம விவசாயி சாகும்போது வெளிநாட்டு விவசாயியை யோசிக்கச் சொல்ல நான் யாரு.

ஆனா தேதியைப் பாருங்க. உத்தரவு வந்தது 2017 ஆகஸ்ட் முதல் வாரம். வருஷத்துக்கு மொத்தம் 2 லட்சம் டன்னுக்கு மேல துவரை உள்ள வரக்கூடாது. ஆகஸ்ட்ல மலாவி காட்டுல துவரை முத்தி நிக்குது. நாங்க வெண்டருக்கு முன்பணம் குடுத்தாச்சு, சாக்கு வாங்கியாச்சு. விதைக்கும்போது, ஏன் பூக்கும்போதுகூட சொல்லியிருந்தா அவங்க வேற ஏதாவது பண்ணியிருப்பாங்க, அறுக்கும்போது சொன்னா என்ன பண்ணுவாங்க? கிலோ விலை முந்தின வருஷத்துல பாதிக்கும் கீழ போச்சு, கொஞ்ச நாள்ல அந்த விலைக்கும் வாங்க ஆளில்ல. துவரைக்கு உலகத்துல வேற பெரிய வாங்குறவன் கிடையாது சார், கோதுமை மாதிரி இந்த நாடு வேணாம்னா அந்த நாடுன்னு திருப்பி விட முடியாது, நம்மளை விட்டா மிச்சம் வெளிநாட்டுல இருக்குற நம்ம ஆளுங்க கடைதான். குடோன் வாசல்ல மூட்டையை இறக்கி வச்சுட்டு ஒரு பெரியம்மா சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க, எங்க மேனேஜர் வாங்க முடியாதுன்னு சொல்லிட்டாரு, அவரும் பாவம், மேல இருந்து வந்த ஆர்டர். அந்தம்மா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, உங்க ஊர்ல எல்லாரும் நந்தோலோ சாப்பிடுறதை நிறுத்திட்டாங்களா? நான் என்ன பதில் சொல்றது.

இதுல இன்னும் ஒரு வயித்தெரிச்சல். மொசாம்பிக்குக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஏன்னா 2016 ஜூலைல பிரதமர் அங்க போனப்போ அரசுக்கு அரசு ஒப்பந்தம் போட்டாச்சு, வருஷத்துக்கு 2 லட்சம் டன் வரைக்கும் படிப்படியா வாங்குறதா. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்குறவன் துவரை போகும், இந்தப் பக்கம் இருக்குறவனுது போகாது, ரெண்டும் ஒரே மண்ணு ஒரே விதை. ஆகவே மலாவி துவரை ராத்திரில எல்லை தாண்டி மொசாம்பிக் துவரையா மாறுச்சு, தாண்டுறதுக்குக் கமிஷன், பேப்பர் பண்றதுக்குக் கமிஷன், அத்தனையும் விவசாயி விலைல இருந்துதான் கழியும். பிறகு 2021-ல மலாவியோடவும் ஒப்பந்தம் போட்டாங்க, வருஷத்துக்கு 50,000 டன், 2025-26 வரைக்கும். அதே வருஷம் மே மாசம் துவரை இறக்குமதியையே திறந்து விட்டாச்சு, அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் நீட்டிப்பு, நீட்டிப்புதான். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் கடைசி மாசம் வரைக்கும் காக்க வைக்கிறாங்க. எங்க மில் முதலாளிக்கே அது தலைவலி, அவருக்காவது போன் போட்டுக் கேட்க டெல்லில ஆள் இருக்கு.

நீங்க கேட்கலாம், அம்மாம்பெரிய இந்தியாவுக்கு 50,000 டன் ஒரு விஷயமான்னு. நமக்கு அது ஓரத்துல சிந்துற பருப்பு. அங்க, தெற்கு மாவட்டங்கள்ல புகையிலை அதிகம் கிடையாது, நிலம் அவ்ளோ சின்னது, துவரைதான் ஒரு குடும்பம் வருஷத்துல கண்ணுல பார்க்குற மொத்த காசு. ஸ்கூல் ஃபீஸ், கூரைக்குத் தகரம், அக்டோபர்ல உர மூட்டை, எல்லாம் அதுல இருந்துதான். முக்கியமா அது வர்ற மாசம் ஆகஸ்ட் செப்டம்பர், புகையிலை டாலர் நிக்கிற மாசம். ஒரே பயிரை நம்பிக் கிடக்குற நாட்டுக்கு ரெண்டாவது பயிர்னு ஒண்ணு தலையெடுத்துச்சு, அதுவும் உரம் கேட்காத, டாலர் கொண்டு வர்ற பயிர், அதோட கழுத்து டெல்லில ஒரு நோட்டிஃபிகேஷன்ல மாட்டிக்கிட்டு இருக்கு. புகையிலையை விட்டு வேற பயிருக்கு மாறுங்கன்னு உலகமே புத்தி சொல்லுது, 2020-ல கஞ்சாவைக்கூட மருந்துக்குன்னு சட்டப்படி ஆக்கிப் பார்த்தாங்க, அதுல இருந்தும் பெருசா ஒண்ணும் வரல. 2017-ல அடி வாங்குன விவசாயி அடுத்த வருஷம் பல பேர் துவரையைக் குறைச்சுட்டாங்க, குறைச்ச உடனே இங்க வேற ஒரு வருஷம் பஞ்சம் வந்து விலை ஏறுது, அப்போ நீங்க அரைப் பக்கச் செய்தி போடுறீங்க.

2024-ல வறட்சி வந்தப்போ இந்தியா 1,000 டன் அரிசி அனுப்புச்சு, அக்டோபர்ல நம்ம ஜனாதிபதி நேர்லயே போய்ட்டு வந்தாங்க. நல்ல விஷயம்தான், போட்டோ எல்லாம் வந்துச்சு. ஆனா 50,000 டன் துவரைக்கு நேரத்துல ஒரு உறுதி குடுத்தா அதுல வர்ற காசுக்கு முன்னாடி 1,000 டன் அரிசியெல்லாம் ஒரு கணக்கா?

மலாவி அரசு மேலயும் தப்பு இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயமில்ல. தொங்கு தராசை ஒழுங்குபடுத்த எத்தனை வருஷம் வேணும்? சோளம் ஏத்துமதியை ஒரு வருஷம் திறக்குறது அடுத்த வருஷம் மூடுறது, விவசாயிக்கு எதை நம்பிப் போடுறதுன்னே தெரியாது. நம்ம டெல்லி அவங்களுக்குப் பண்ணுன அதே வேலையை அவங்களே 2025-ல தான்சானியாவுக்குப் பண்ணாங்க, மாவு, அரிசி, வாழைப்பழம் எல்லாம் உள்ள வரக்கூடாதுன்னு திடீர்னு தடை, பதிலுக்கு ஏப்ரல்ல தான்சானியா தன் பங்குக்குத் தடை போட்டு உரத்தையும் அனுப்ப மாட்டேன்னுச்சு, கடல் இல்லாத நாடு பக்கத்து வீட்டுக்காரன் கேட்டை மூடுனா எங்க போகும், கொஞ்ச நாள்லயே சமாதானம் ஆச்சு. அப்புறம் க்வாச்சாவுக்கு ரெண்டு ரேட் வச்சிக்கிட்டு ஏத்துமதி பண்றவன் டாலரை ஊருக்குள்ள கொண்டு வரணும்னா எவன் கொண்டு வருவான், வெளியில வச்சுக்கத்தான் பார்ப்பான். நான் கணக்கு பார்த்தவன், எனக்குத் தெரியாததா.

அங்கயே பருப்பு உடைக்கலாமேன்னும் கேட்பாங்க. மில் இருக்கு, நல்ல மில், குஜராத்தி குடும்பங்க ரெண்டு மூணு தலைமுறையா நடத்துறாங்க, லண்டன் கடைகளுக்குப் பருப்பா போகுது. ஆனா நாட்டுல ரொம்பக் கம்மி வீட்டுக்குத்தான் கரண்ட், மில்லுக்கும் அடிக்கடி கரண்ட் போகும், டீசல் போட்டு ஜெனரேட்டர் ஓட்டுனா கட்டுப்படி ஆகாது, டீசலுக்கு டாலர் வேணும், மறுபடி முதல்ல இருந்து வாங்க. நாம வாங்குறதும் முழுத் துவரையா வாங்கத்தான் விரும்புறோம், உடைக்கிற கூலி நம்ம ஊருக்கு வேணும்ல. விருதுநகர்ல மில்லுல வேலை பார்க்குற நான் அதுக்கு எதிரா பேச முடியாது, பேசினா வீட்டுல உலை வேகாது.

அதனால கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. துவரை இறக்குமதி எவ்ளோ, வரி எவ்ளோ, அடுத்த சீசனுக்குத் திறந்திருக்குமா மூடியிருக்குமான்னு ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் மாசத்துக்குள்ள அறிவிச்சிடணும். நவம்பர்ல அவங்க விதை ஊனுறதுக்கு முன்னாடி. மூடுறதா இருந்தா மூடிக்கோங்க, நம்ம விவசாயிக்கு அது தேவைன்னா கண்டிப்பா மூடுங்க, ஆனா ஊனுறதுக்கு முன்னாடி சொல்லிட்டு மூடுங்க. இது நம்ம கல்புர்கி விவசாயிக்கும் நல்லதுதான், அவனும் ஜூன்ல விதைக்கிறதுக்கு முன்னாடி வெளியில இருந்து எவ்ளோ வரப்போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணலாம். மலாவி ஒப்பந்தம் 2025-26 வரைக்கும்தான் போட்டது, அடுத்ததைப் போடும்போது நடுவுல உத்தரவு மாத்துனா வழியில இருக்குற சரக்குக்குப் பொருந்தாதுன்னு ஒரு வரி சேர்த்தா போதும். இதுக்குக் காசு செலவில்ல. உங்க டெல்லி நிருபர் நுகர்வோர் துறை, வர்த்தகத் துறை பக்கம் போறப்போ இதை ஒரு கேள்வியா கேட்டுப் பதிலை வாங்கிப் போடுங்க. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் போடுற கட்டத்துல ஆப்பிரிக்கத் துவரை விலைன்னு ஒரு வரி இருக்குல்ல, அது எந்த நாட்டுதுன்னும் சேர்த்துப் போட்டா மில்காரங்களுக்கும் உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
பருப்பு மில் கணக்குப்பிள்ளை ஒருவர்,
விருதுநகர்.